சாளரமும் தொடரமைப்பும்: ஃபேர்ஃபோர்டு கோவிலை முன்வைத்து

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் ஃபேர்ஃபோர்டு என்னும் சிற்றூரில் உள்ள புனித மரியா பங்குக் கோவில், 28 இடைக்கால வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பெரும்பாலும் முழுமையாகக் கொண்டது. கம்பளி வணிகர் ஜான் டேம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கோவிலைப் புதுப்பித்துக் கட்டினார். கண்ணாடிகள் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தவை. இவற்றை 1 முதல் 28 வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றின் உருவங்களையும் பெயர்சுட்டி விளக்குவது பொதுவழக்கு. இம்முறை அடையாளங்காணப் போதுமானது, பொருள்காணப் போதாது.

வடசுவரில் பன்னிரு இறைவாக்கினர். எதிரே தென்சுவரில் பன்னிரு திருத்தூதர். ஒவ்வொரு திருத்தூதரும் நம்பிக்கை அறிக்கையின் ஒரு கூற்றை ஏந்துகிறார். எதிரிலுள்ள இறைவாக்கினரின் ஏடு அதற்கு முன்னறிவிப்பாகிறது. மேல்வரிசையில் வடபுறம் திருச்சபையைத் துன்புறுத்தியோர். தென்புறம் அதனைக் காத்தோர். எனவே இங்குப் பொருள் தனிச்சாளரத்தில் இல்லை. எதிர்நிலை உறவில் உள்ளது. சொல்லின் மதிப்பு பிற சொற்களோடு அது கொள்ளும் உறவால் அமைகிறது என்னும் மொழியியல் கருத்து இங்கு நன்கு பொருந்தும். எண்வரிசையோ இவ்விணைகளைப் பிரித்துத் தொலைவில் நிறுத்துகிறது. அவ்வரிசையை அப்படியே தமிழாக்கினால் சொற்கள் வரும், தொடர் வராது.

இத்தகைய ஓவியங்கள் எழுத்தறியாதோரின் நூல் என்பது, கி.பி. 600ஐ ஒட்டித் திருத்தந்தை கிரகோரியார் மார்செய் ஆயருக்கு எழுதிய மடலிலிருந்து வழங்கிவரும் கருத்து. ஃபேர்ஃபோர்டு இதனை முழுமையாக ஏற்க இடந்தரவில்லை. ஏடுகளில் உள்ளவை இலத்தீன் வாசகங்கள். எழுத்தறியாதவர் அவற்றைப் படித்திருக்க இயலாது. ஆயினும் நம்பிக்கை அறிக்கையைச் செவிவழி அறிந்திருந்தார். ஆகவே சாளரம் நூலுக்கு மாற்றன்று. கேட்ட வாசகத்தை நினைவூட்டும் துணை எனலே பொருந்தும்.

திசையும் ஒரு குறியே. இங்கிலாந்தில் வடசாளரங்களில் பகலவனின் நேரொளி பெரிதும் விழுவதில்லை, தென்சாளரங்களில் விழும். துன்புறுத்தியோர் நிழற்பக்கத்திலும் காத்தோர் ஒளிப்பக்கத்திலும் நிற்கின்றனர். தமிழ் வாசகர்க்கோ தென்புலம் மூதாதையர் திசை. 'தென்சுவர்' என மட்டும் பெயர்த்தால் வேண்டாத பொருள் தோன்றும். 'ஒளிபடும் தென்சுவர்' என்பதில் மூலத்தின் கருத்து நிலைக்கும்.

மேற்கிலுள்ள இறுதித்தீர்ப்புச் சாளரத்தின் மேற்பகுதி 1703ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, 19ஆம் நூற்றாண்டில் பெரிதும் புதிதாக்கப்பட்டது. சுவடியில் இடைச்செருகலைக் குறிப்பதுபோல் இதனையும் விளக்கவுரை குறித்தல் வேண்டும்.

பாடகர் பகுதியின் 14 மடக்கிருக்கைகளுக்கும் இந்நெறி பொருந்தும். நெடுநேரம் நின்று வழிபடுவோர் சாய்ந்துகொள்ள, மடக்கிய இருக்கையின் அடியில் சிறு பலகை உண்டு. இதன் பெயர் 'இரக்கம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'இரக்க இருக்கை' என்பது பயனை மறைக்கிறது. 'தாங்குபலகை' என்பது பெயரின் நயத்தை இழக்கிறது. தாங்குபலகை என ஆண்டு, பெயர்க்காரணத்தை ஒருமுறை விளக்குவதே தக்கது. அதன் அடியிலுள்ள செதுக்கல்கள் அமர்பவரின் கீழே மறைவன. சாளரத்தில் இடம்பெறாத அன்றாட வாழ்வும் நகையும் அங்கு இடம்பெறுகின்றன.

எனவே இத்தகைய கோவிலைத் தமிழில் விளக்குவோர், பொருள்களின் பெயர்களுக்கு முன் அவற்றின் இடத்தைப் பெயர்த்தல் வேண்டும். இடம் தவறின், பிழையற்ற கலைச்சொற்களும் பொருளற்ற பட்டியலாகவே எஞ்சும்.