பட்டிக்கு அடியில் இருக்கும் இரும்பு

1970-களில் கலிபோர்னியாவில் உருவான பழைய சாப்பர் மோட்டார் சைக்கிள் ஒன்று எதிரே நின்றால், முதலில் கண்ணை இழுப்பது நீண்டு சரிந்த முன் ஃபோர்க். அடுத்தது டேங்கின் மேல் ஓடும் மினுக்குப் பெயிண்ட். தொழில் தெரிந்தவர் கண் மட்டும் நேரே கழுத்துக்குப் போகும். மேலிருந்து வரும் முதுகுக் குழாயும் கீழே இறங்கும் குழாய்களும் ஸ்டீயரிங் கழுத்தோடு கூடுகிற அந்த இடத்தில் வெல்டிங் தழும்பே தெரியாது. மூன்று குழாய்களும் ஒரே வார்ப்பில் பிறந்தவை போல வளைந்து கலந்திருக்கும். அமெரிக்கப் பட்டறைகளில் இதற்கு ‘மோல்டிங்’ என்று பெயர். செய்யும் பொருள், நம் டிங்கரிங் பட்டறைகளில் வண்டிக்குப் பார்க்கிற அதே பட்டிதான்.

சாப்பர் உலகில் இந்தப் பட்டியைப் போல வாதத்தைக் கிளப்பிய பொருள் வேறில்லை. இது மோசடி என்பார் ஒருவர். இதுதான் கலை என்பார் மற்றவர். இரண்டு பேச்சுக்கும் நியாயம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, சாப்பர்களின் சட்டகங்கள் என்ன பாடு பட்டன என்பது தெரிய வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர்கள் தங்கள் ஹார்லி, இந்தியன் வண்டிகளில் இருந்த மட்கார்டையும் பெட்டிகளையும் கழற்றி எறிந்து எடையைக் குறைத்தார்கள். பாபர் என்ற வகை அப்படித்தான் வந்தது. 1960-களில் கை சட்டகத்துக்கே போனது. ஹார்லியின் பெரிய வண்டிகளில் பின்பக்க ஸ்பிரிங் வந்தது 1958-இல்தான். அதற்கு முந்திய ‘ரிஜிட்’ சட்டகங்கள் சாப்பர்காரர்களுக்குப் பொக்கிஷம். ஆலையில் ஏறக்குறைய 30 டிகிரியில் வைத்திருந்த கழுத்தை அறுத்து, 40 டிகிரிக்கும் மேலே சரித்து, மறுபடி பற்றவைத்தார்கள். சைடுகார் மாட்டும் காதுகள், டூல் பாக்ஸ் தாங்கிகள், வேண்டாத கொக்கிகள் எல்லாம் அறுபட்டன. அறுத்த இடமெல்லாம் புண்ணாக நின்றது. 1969-இல் ‘ஈஸி ரைடர்’ படம் வந்தபோது இந்த வடிவம் உலகம் முழுக்கப் பரவியது. அந்தப் படத்தின் வண்டிகளுக்குப் பின்னால் இருந்த கைகள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற கறுப்பினத்தவர் இருவருடையவை என்பது பல ஆண்டுகள் வெளியே பேசப்படவில்லை. அதைச் சொல்லாமல் சாப்பரின் வரலாற்றை எழுதுவது பெரும் அநீதி.

புண்ணை மூடும் தேவையோடு இன்னொரு தேவையும் சேர்ந்தது. அந்தக் காலத்துப் பெயிண்ட் சாதாரணப் பெயிண்ட் அல்ல. ஜான் கோஸ்மோஸ்கியின் ‘ஹவுஸ் ஆஃப் கலர்’ போன்றவை கொண்டுவந்த கேண்டி வண்ணங்கள் கண்ணாடி போல ஒளியை உள்ளே விட்டுத் திருப்பித் தருபவை. அடியில் நூலளவு மேடுபள்ளம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, குழாய் முழுக்க மழமழப்பாக இருந்தே ஆக வேண்டும்.

இப்படி நிரப்பிச் சமன் செய்வதில் முதல் மரபு காரீயம். கார்களை உருமாற்றிய கலைஞர்களிடமிருந்து வந்தது. எழுபது பங்கு காரீயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் கலந்த கம்பியைச் சூடாக்கினால், 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, 250-ஐத் தாண்டிய பிறகே முழுக்க உருகும். இடைப்பட்ட அந்த வெப்பத்தில் அது பிசைந்த மாவாக நிற்கும். கொழுப்பு தடவிய மரத்தட்டையால் அதை இழுத்து, தள்ளி, வளைவு கட்டுவார்கள். ஆறிய பின் வளைபல் அரத்தால் சீவுவார்கள். ஒழுங்காகச் செய்த ஈய வேலை இரும்போடு ஒன்றிக் கிடக்கும், ஈரத்தை உறிஞ்சாது, பல பத்தாண்டு தாங்கும். குறையும் உண்டு. ஈயம் பிடிப்பதற்காக முன்னால் தடவும் அமிலத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். ஈயத்தை மெஷின் வைத்துத் தேய்த்தால் பறக்கும் தூள் நேரே ரத்தத்தில் கலக்கும் விஷம். அந்தத் தலைமுறைக் கைவினைஞர்கள் மரத்தட்டையையும் அரத்தையுமே நம்பினார்கள். இன்று ஈய வேலை செய்பவரும் அதையே செய்ய வேண்டும்.

இரண்டாவது மரபைத் தொடங்கி வைத்தவர் ராபர்ட் மெர்ட்டன் ஸ்பிங்க். மியாமியில் கார் பாடி வேலை செய்துகொண்டிருந்த அவர், ஈயத்துக்கு மாற்றாக 1955-இல் உருவாக்கியதே ‘பாண்டோ’. பாலியஸ்டர் பிசினில் டால்க் தூளைக் கலந்த பட்டி அது. நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் ஹார்ட்னர் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகும். அரைமணிக்குள் உப்புத்தாள் போடலாம். தீ வேண்டாம், அமிலம் வேண்டாம், ஆசான் வேண்டாம். வீட்டுக் கொட்டகையில் வண்டி கட்டிய பையன்களுக்கு இது விடுதலை. 1969-இல் ‘ஸ்ட்ரீட் சாப்பர்’, 1971-இல் ‘ஈஸிரைடர்ஸ்’ என்று இதழ்கள் வந்து படங்களும் முறைகளும் கைமாறியபோது, பட்டி மோல்டிங் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஓக்லண்ட் ரோட்ஸ்டர் ஷோ போன்ற கண்காட்சிகளில் பரிசுக்கு நின்ற வண்டிகளில் சட்டகம், டேங்க், பின் மட்கார்ட் மூன்றும் ஒரே உடலாகக் கலந்திருந்தன. சான் லியாண்ட்ரோவின் ஆர்லன் நெஸ் இந்தத் துறைக்குள் வந்ததே பெயிண்டராகத்தான். பெயிண்ட் பிடிக்கிறவன் சட்டகத்தை வடிவமைத்தால் குழாய்களின் கூட்டலை விட ஒளி வழுக்கி ஓடும் பாதையே அவனுக்கு முக்கியம். அந்தப் பார்வையின் உச்சம் 1970-கள்.

மூன்றாவது மரபு, உலோகத்தை உலோகத்தாலேயே நிரப்புவது. சிலர் பித்தளைக் கம்பியை உருக்கி மூட்டில் வளைவு கட்டி அரத்தால் சீவினார்கள். சிலர் இரும்புத் தகட்டை வெட்டிக் கழுத்தடியில் சிறகு போலப் பற்றவைத்தார்கள். இந்த வழி நேர்மையானது, ஆனால் ஒரு பொறி உண்டு. பித்தளை பிடித்த இடத்தின் மேல் பின்னாளில் ஒருவர் அறியாமல் ஆர்க் வெல்டிங் அடித்தால், உருகிய செம்பு இரும்பின் மணிகளுக்கு நடுவே புகுந்து மூட்டையே வெடிக்கச் செய்யும். பழைய சட்டகத்தில் மஞ்சள் நிறம் எங்காவது தெரிந்தால் வெல்டிங் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

எதையும் நிரப்பாமல் விடுவதையே அழகாக்கியவர்கள் ஜப்பானியர். ஓகசாகி நகரில் ஷின்யா கிமுரா 1990-களில் தொடங்கிய ‘ஜீரோ இன்ஜினியரிங்’ வண்டிகளில் மூட்டு மூட்டாகவே தெரியும். இரும்பின் நிறமும் கைத்தடமும் மறைக்கப்படாது. அந்தப் பாணி அமெரிக்காவுக்கும் போய், ‘பட்டியா? அசிங்கம்’ என்கிற மனநிலையை வளர்த்ததில் பங்கு வகித்தது.

அந்த மனநிலைக்குப் பழைய பட்டியும் காரணம். அடியில் கிடந்தவை அப்படி. பாதி மட்டுமே பிடித்த வெல்டிங், உள்ளே தண்டு செருகாமல் முட்டவைத்து ஒட்டிய குழாய், ஆக்ஸில் தட்டில் முடியளவு வெடிப்பு, அதன் மேல் விரற்கடைத் தடிமனில் பட்டி. பட்டி எந்தச் சுமையையும் தாங்காது. தாங்குவது போல நடிக்கும். இரண்டு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் வெடிப்பு நீண்டுகொண்டே போக, வெளியே சட்டகம் பளபளவென்று நிற்கும். கழுத்து முறிந்தால் ஓட்டுபவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. வேலை செய்தவர் பட்டி போட்டது குற்றமல்ல, பார்க்காமல் போட்டதுதான் குற்றம்.

ஆகவே மீட்பு வேலையின் முதல் விதி, பழைய பட்டியை முழுக்க எடுப்பது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் எங்கே தடிமன் என்று தெரியும். வெப்பக் காற்றுக் கருவியால் பாலியஸ்டரை இளக்கிச் சுரண்டலாம். கதவு திறந்திருக்க வேண்டும், முகமூடி வேண்டும். சுரண்டும்போது சாம்பல் நிறத்தில் உலோகம் மினுங்கினால் அது காரீயமாக இருக்கலாம். தூள் பறக்க விடக்கூடாது. இரும்பு வெளியே வந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் சிவப்புச் சாயம் ஊடுருவவிட்டு வெடிப்புச் சோதனை செய்வது கட்டாயம். சட்டகத்தை ஜிக்கில் ஏற்றி நேராக இருக்கிறதா என்றும் அளக்க வேண்டும். பழுதை இரும்பால் சரிசெய்த பிறகே பட்டியைப் பற்றிப் பேச்சு.

திரும்பப் போடும்போது அளவே அழகு. பூசிய இடத்தில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதிலும் குறைவது நல்லது. கழுத்தின் ஆழமான வளைவுக்குக் கண்ணாடி நார் கலந்த பட்டி அடியில், மெல்லிய பட்டி மேலே. வெறும் இரும்பில் உப்புத்தாள் கீறலின் மேல் நேராகப் போடுவது பழைய வழக்கம். எபாக்சி பிரைமர் அடித்து அதன் மேல் போடுவது இன்றைய வழக்கம். துருவைத் தடுக்கும் திறனால் இரண்டாவதே மேல். பட்டியில் உள்ள டால்க் ஈரம் குடிக்கும் என்பதால் பிரைமரால் மூடும்வரை தண்ணீர் வைத்துத் தேய்க்கவே கூடாது. எஞ்சின் தாங்கிகள், ஆக்ஸில் பிடிக்கும் இடம், போல்ட் இறுகும் முகம் எதிலும் பட்டி வரக்கூடாது. அங்கே அது நசுங்கி, போல்ட் தளரும். பவுடர் கோட்டிங் செய்ய நினைப்பவர் சாதாரணப் பட்டியை மறந்துவிடலாம். அந்த அடுப்பின் வெப்பம் 200 டிகிரியை ஒட்டியது. பாலியஸ்டர் அதில் வாயு கக்கிக் கொப்புளிக்கும். வெப்பம் தாங்கும் உலோகத்தூள் பட்டி வேறு இருக்கிறது.

தரம் யார் சொல்வது? 1954-இல் தொடங்கிய அமெரிக்கப் பழைய மோட்டார் சைக்கிள் சங்கம் 35 ஆண்டு கடந்த வண்டிகளை ஆலையிலிருந்து வந்த நிலையோடு ஒப்பிட்டு நடுவர்களை வைத்து மதிப்பிடுகிறது. சாப்பரோ ஆலையின் பேச்சையே மறுத்துப் பிறந்த வண்டி; அதற்கு அந்த அளவுகோல் மட்டும் போதாது. இங்கே இரண்டு தரப்பு மோதுகிறது. பட்டிக்கடியில் அறுபட்டுக் கிடக்கும் ஹார்லி சட்டகத்தை எடுத்து, சைடுகார் காதுகளைத் திரும்ப ஒட்டி, ஆலை வடிவத்துக்கே கொண்டுபோக ஒரு தரப்பு விரும்புகிறது. 1970-க்கு முந்திய ஹார்லிகளில் பதிவெண் எஞ்சினில் மட்டுமே இருந்ததால், சட்டகத்தின் வயதைச் சொல்பவை சைடுகார் காதுகள் போன்ற வார்ப்பு அடையாளங்களே. 1970 முதல் எண் கழுத்திலும் உண்டு. அதன் மேல் பட்டி பூசினால் வண்டியின் அடையாளமே சந்தேகத்துக்குள்ளாகும். எந்தத் தரப்பும் அதைச் செய்யக்கூடாது.

இன்னொரு தரப்பு, மோல்டிங்கும் வரலாறுதான் என்கிறது. இந்தக் கட்டுரையின் தீர்ப்பு அவர்கள் பக்கம். 1972-இல் ஒருவர் தன் கைவிரலால் வளைத்த கழுத்தைச் சுரண்டி எறிந்து, வெல்டிங் தெரியும்படி விட்டு, ‘மீட்டேன்’ என்று சொன்னால், அது அந்தக் காலத்து வண்டி அல்ல. இரும்பு புதுத் தரத்தில், வளைவு பழைய வடிவத்தில். அதுவே சரியான மீட்பு.

பழைய மோல்டிங் சட்டகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுரண்டும் கருவியைக் கையில் எடுக்குமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் அட்டையில் அச்சு வெட்டி, எந்த மூட்டு என்று எழுதி வையுங்கள். வெடிப்புச் சோதனையின் முடிவையும், பட்டிக்கு அடியில் கண்டதையும் குறித்து வண்டியின் தாள்களோடு சேர்த்துவிடுங்கள். அடுத்து வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.