அறியாமையும் சுமையும்: அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதையில் குடும்ப மறைபொருள்

திறவுச்சொற்கள்: அம்பை, பூப்பு, மறைபொருள், தாய் – மகள் உறவு, நிறம், மணச்சந்தை

முன்னுரை

பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகப் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுப்பது தமிழ் மரபு. உலா இலக்கியங்கள் இப்பகுப்பை விரிவாகக் கையாள்கின்றன. அங்குப் பருவம் காண்போரின் நோக்கில் வரையறுக்கப்படுகிறது. பெதும்பை மங்கையாகும்போது அவள் உள்ளத்தில் நிகழ்வது பாடுபொருளாவதில்லை. 1976இல் வெளிவந்த ‘சிறகுகள் முறியும்’ தொகுப்பில் இடம்பெற்ற அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ அந்த உள்நிகழ்வையே கதையாக்குகிறது. தாயின் கடுஞ்சொல்லே கதைத்தலைப்புச் சுட்டும் கொலை என்பது பரவலான வாசிப்பு. அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் கதையின் அமைப்பைக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு மறைபொருள்கள்

கதைசொல்லி பதின்மூன்று வயதுச் சிறுமி. கதையில் அவளுக்குப் பெயரில்லை. வளர்ந்த பெண்ணொருத்தியின் நினைவுகூரலாகத் தன்மைக்கூற்றில் கதை அமைந்துள்ளது. பூப்பெய்துதல் என்றால் என்னவென்று சிறுமி கேட்கும்போது தாய் விளக்கம் தருவதில்லை. மகள் இப்படியே ஓடியாடித் திரிய வேண்டும் என்னும் விருப்பத்தையே விடையாக வைக்கிறாள். அவ்விடையில் அன்பு உண்டு, அறிவு இல்லை. பூப்பு ஊரறியக் கொண்டாடப்படும் சமூகத்தில், அதனை அடையப்போகும் சிறுமிக்கு மட்டும் அது மறைக்கப்படுகிறது என்பது இங்குக் கருதத்தக்கது.

வீடு மறைத்துவைத்திருக்கும் மற்றொன்று மணச்சந்தையில் பெண்ணுடலுக்கு இடப்படும் விலை. சிறுமி கறுப்பு நிறத்தவள். தாயின் அருகாமையில் அந்நிறம் அவளுக்குக் குறையாகத் தோன்றுவதில்லை. தாயின் அணைப்பு அவ்விலையை அவள் கண்ணிலிருந்து மறைக்கும் திரையாகிறது. ஆகவே தாயின் மௌனம் ஒரே வேளையில் காப்பாகவும் வஞ்சனையாகவும் இயங்குகிறது எனலாம்.

பயணம் என்னும் இடைவெளி

தங்கை மகள் ராதுவைப் பெண் பார்க்க வருவதையொட்டித் தாய் ஊருக்குச் செல்கிறாள். அவள் இல்லாத நாள்களில் சிறுமி பூப்பெய்துகிறாள். பவழமல்லி மரமும் பூக்கூடையுமாக விளையாட்டில் தொடங்கும் பொழுது, மூலையில் ஒதுங்கி அமர்வதில் முடிகிறது. தமக்கை கல்யாணி உட்படச் சுற்றியிருப்போர் என்ன செய்ய வேண்டும் எனக் கூறுகின்றனர். என்ன நிகழ்ந்தது எனக் கூறுவாரில்லை. விதிகள் உள்ளன, விளக்கம் இல்லை. அவ்விளக்கத்தைத் தாய் ஒருத்தியே தர இயலும் என நம்பிச் சிறுமி காத்திருக்கிறாள்.

தாய் திரும்பும்போது இரு செய்திகள் எதிரெதிரே சந்திக்கின்றன. ராது கறுப்பு என மணமகன் வீட்டார் மறுத்துவிட்டனர் என்பது தாய் கொணர்ந்த செய்தி. சிறுமி பூப்பெய்தினாள் என்பது வீட்டில் அவளுக்காகக் காத்திருந்த செய்தி. இவை அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. இதற்கென்ன அவசரம், இனி இதுவும் ஒரு பாரம் என்னும் பொருள்படத் தாய் சினந்து பேசும்போது, அவள் கண்முன் நிற்பவள் தன் மகள் மட்டுமல்லள். நாளை நிறத்தின் பெயரால் மறுக்கப்படவிருக்கும் இன்னொரு ராதுவுமாவாள். இருவேறு மறைபொருள்களும் ஒரே சொல்லில் வெளிப்படுகின்றன. தன் உடலைப் பற்றி அறிய விரும்பிய சிறுமிக்கு முதலில் கிட்டுவது அவ்வுடலின் விலை பற்றிய அறிவு.

கொலையுண்டது எது?

தலைப்பு கொலை செய்தவளைக் கூறுகிறது. கொலையுண்டவர் யார் எனக் கூறவில்லை. ‘கொலை செய்தாள்’ என்னும் வினைக்குரிய செயப்படுபொருளைத் தேடும் பணி வாசகரிடம் விடப்படுகிறது. சிறுமியின் குழந்தைமை என்பது முதல் விடை. அவள் மனத்தில் ஒளியுடன் நின்ற தாயின் உருவம் என்பது இரண்டாவது. கதையின் தொடக்கத்தில் வேள்வித்தீயின் அருகில் ஒளிரும் தாயின் முகம், இறுதியில் மலராத மொட்டையும் கருக்கும் நெருப்பாக மாறுவது இவ்விரண்டாம் விடைக்குச் சான்றாகும்.

மூன்றாவது விடைக்கும் இடமுண்டு. மகள் ஓடித் திரிய வேண்டும் என விரும்பிய பெண்ணும் அதே தாய்தான். அவ்விருப்பத்தை ராதுவின் ஊரில் கேட்ட மறுப்பு அழித்துவிடுகிறது. தாய் தன்னுள் இருந்த ஒருத்தியையும் கொன்றே மகளிடம் பேசுகிறாள். எனவே அவளை ஆணாதிக்கத்தின் கருவி என்று மட்டும் வகைப்படுத்துவது கதையின் முற்பகுதியைக் கணக்கிலெடுக்காத வாசிப்பாகிவிடும். அதேவேளை, ராதுவை மறுத்தவர்கள் கதைக்குள் நேரே வருவதில்லை. அவர்களின் சொல் தாயின் வாய்வழியாகவே சிறுமியை அடைகிறது. காயமும் தாயின் பெயரிலேயே பதிகிறது. தலைப்பில் தாயைக் குற்றவாளியாக நிறுத்தும் கதைசொல்லி, பயணத்தின் விளைவையும் மறைக்காது கூறுவதால், குற்றச்சாட்டும் அதற்கான பின்னணியும் ஒருசேரப் பதிவாகின்றன.

முடிவுரை

இக்கதையில் குடும்ப மறைபொருள் கடந்தகால நிகழ்ச்சியொன்றன்று. பெண்ணுடல் சுமையாகக் கணக்கிடப்படுகிறது என வீட்டின் மூத்தோர் அனைவரும் அறிந்த, எவரும் சிறுமியிடம் கூறாத செய்தியே அது. அன்பினால் மறைக்கப்பட்ட அச்செய்தி, அன்பு மிகவும் தேவைப்பட்ட நாளில் சினமாக வெளிப்படுகிறது. சிறுமி பருவமடைவது உதிரம் கண்ட காலையில் அன்று. தாயின் சொல்லைக் கேட்ட கணத்தில்தான் எனக் கதையின் அமைப்பு உணர்த்துகிறது. பூப்பினைச் சடங்கு நிலையில் அணுகும் ஆய்வுகள், அச்சடங்கைச் சூழ்ந்த மௌனத்தையும் தரவாகக் கொள்ள வேண்டும் என்பதை இச்சிறுகதை வலியுறுத்துகிறது.