அலெக் கின்னஸ்: வேடமும் மெய்ப்பாடும்

நடிகர் இருவகையினர். எவ்வேடம் புனையினும் தம்மையே காட்டி நிற்போர் ஒருவகையினர். தம்மை மறைத்துப் பாத்திரத்தையே காட்டுவோர் மற்றொருவகையினர். முன்னையோரைக் காண மக்கள் திரளுவர். பின்னையோர் தெருவழியே நடந்து செல்லினும் அவரை இன்னாரென அறிவார் இலர். குணசித்திர நடிகர் என வழங்கப்படுவோர் பெரும்பாலும் இப்பின்னைய வகையைச் சார்ந்தவரேயாவர். இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில நாடகமேடையும் திரைப்படமும் பெற்ற இத்தகைய நடிகருள் தலைசிறந்தவர் சேர் அலெக் கின்னஸ் (1914 - 2000) என்பது பலர்க்கும் உடன்பாடு. ஆயின், தம்மை மறைக்கும் கலை எத்துணை தூரம் செல்லலாம், எவ்விடத்தில் அது நின்றுவிடுகின்றது என்னும் வினாவுக்கும் அன்னாருடைய கலைவாழ்வே விடையளிக்கின்றது. அவர் புகழைப் பேசுவோர் இவ்வினாவைப் பெரிதும் எழுப்புவதில்லை.

கின்னஸ் 1914ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். அவர்தம் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெறிதே விடப்பட்டிருந்தது. இளமையில் விளம்பர நிறுவனமொன்றில் வாசகம் எழுதும் தொழில் செய்து, சிறுகச் சிறுக நடிப்புப் பயின்று, 1934இல் மேடையேறினார். அவ்வாண்டிலேயே ஜோன் கீல்குட் தயாரித்த 'ஹம்லெற்' நாடகத்தில் ஒஸ்ரிக் என்னும் சிறு பாத்திரம் அவருக்குக் கிட்டிற்று. நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1938இல், ஓல்ட் விக் அரங்கில் ரைரன் கத்றி நெறிப்படுத்திய, இக்கால உடையணிந்து நடிக்கப்பெற்ற 'ஹம்லெற்' நாடகத்தில் தலைமைப் பாத்திரமே அவருடையதாயிற்று. இரண்டாவது உலகப் போரின்போது கடற்படையிற் சேர்ந்து, 1943இல் நிகழ்ந்த சிசிலிப் படையிறக்கத்திற் கலமொன்றைச் செலுத்தினார். போர் முடிந்து மீண்ட அவர், 1946இல் லோறன்ஸ் ஒலிவியர் லியர் மன்னனாக நடித்த நாடகத்தில் விதூடகனாகத் தோன்றினார். உரத்த குரலும் பரந்த அசைவும் கொண்ட ஒலிவியரின் அருகே, வெளிறிய முகமும் அடங்கிய குரலுமாய் நின்ற அவ்விதூடகன் விமரிசகர் நெஞ்சைக் கவர்ந்தான். குறைத்துக் காட்டுவதனால் மிகுத்து உணர்த்தும் முறை அன்றே அவர் கைவந்ததாயிற்று.

திரைப்படத்துறைக்கு அவரை உரியவராக்கியவர் டேவிட் லீன். டிக்கன்ஸின் 'கிரேற் எக்ஸ்பெக்ரேசன்ஸ்' நாவலைக் கின்னஸ் 1939இல் நாடகமாக்கி, அதில் ஹேர்பேற் பொக்கற் என்னும் இளைஞனாக நடித்திருந்தார். 1946இல் லீன் அந்நாவலைத் திரைப்படமாக்கியபோது அப்பாத்திரம் மீண்டும் அவரையே சேர்ந்தது. பின்னர் ஈலிங் படமனையின் நகைச்சுவைப் படங்கள் வந்தன. 'கைண்ட் ஹார்ற்ஸ் அன்ட் கொறனற்ஸ்' (1949) என்னும் படத்தில் ஒரே உயர்குடியைச் சேர்ந்த எண்மராக அவர் ஒருவரே தோன்றினார். அவருள் ஒருவர் பெண். தேவாலயக் காட்சியில் அறுவர் ஒருங்கே அமர்ந்திருப்பர். ஒரே படச்சுருளைப் பலமுறை ஒளிபடச் செய்து அக்காட்சியை ஆக்கினர். இதனைப் படப்பிடிப்பாளரின் வித்தையென்று மட்டும் கொள்ளுதல் தகாது. எண்மருக்கும் குடும்பச் சாயல் ஒன்றேயாயினும், தளபதியின் தடித்த மடமையும் பாதிரியாரின் தளர்ந்த மடமையும் வெவ்வேறாய் விளங்குதலே ஆண்டுப் பாராட்டற்பாலது. 'லவெண்டர் ஹில் மொப்' (1951), 'த லேடிகில்லேர்ஸ்' (1955) ஆகியனவும் இவ்வரிசையிற் சேர்வன.

எனினும் இவ்வெற்றிகளுக்கிடையே 'ஒலிவர் ருவிஸ்ற்' (1948) படத்தில் அவர் ஏற்ற பேகின் பாத்திரம் நிற்கின்றது. முப்பது வயது கடந்த சிறிது காலத்தில் முதிய கள்வர்தலைவனாக மாறிய அவ்வொப்பனை வியக்கத்தக்கதே. ஆயின் அவ்வொப்பனை மனிதன் ஒருவனைக் கண்டு எழுந்ததன்று; டிக்கன்ஸின் நாவலுக்குக் குறுக்சாங் வரைந்த சித்திரத்தைக் கண்டு எழுந்தது. அச்சித்திரத்தில் யூதரை இழிவுபடுத்தும் மிகைப்பாடு ஏற்கெனவே இருந்தது. ஐரோப்பிய யூதர் அறுபது இலட்சம் பேர் கொன்றொழிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே கழிந்த காலம் அது. 1949இற் பேர்லினில் அப்படம் காட்டப்பட்டபோது யூத மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டு வரை அது வெளிவரவில்லை. வந்தபோதும் பல பகுதிகள் வெட்டப்பட்டே வந்தது. நடிகர் எவரையும் புண்படுத்தக் கருதினார் என்பதற்கில்லை. ஆயினும் கருத்து வேறு, பயன் வேறு. ஓர் இனத்தின் முகத்தை ஒட்டுமூக்காக எடுத்து அணியும்போது, அம்முகத்தின்மேல் உலகம் ஏற்றிவைத்த பழியையும் நடிகன் கூடவே அணிந்துகொள்கிறான்.

இவ்விடத்தில் மெய்ப்பாடு என்னும் பழந்தமிழ்ச் சொல் பெரிதும் துணைசெய்யும். உள்ளத்து நிகழ்வது உடலின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. தொல்காப்பியர் அதனை எட்டாக வகுத்துத் தனி இயலொன்று அமைத்தார். ஆங்கில நாடகத்தை இத்தகைய இலக்கணக் கண்கொண்டு நோக்குதல் ஈழத்தவர்க்குப் புதிதன்று. விபுலாநந்த அடிகள் தமது 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை அவ்வாறே ஆராய்ந்துள்ளார். மெய்ப்பாடு உள்ளிருந்து புறத்தே வருவது. ஒப்பனை புறத்தே நின்றுவிடுவது. கின்னஸின் நடிப்பில் எப்போது முன்னையது மிகுந்தது, எப்போது பின்னையது மிகுந்தது என நோக்கினால் அவருடைய ஏற்றமும் இறக்கமும் நன்கு புலனாகும்.

'த பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' (1957) இலங்கையர்க்கு அணுக்கமான படம். கித்துல்கலவில் களனி கங்கைக்குக் குறுக்கே பாலம் கட்டி, அதனைத் தகர்த்துப் படமெடுத்தனர். இதில் கேர்ணல் நிக்கல்சனாக நடித்த கின்னஸுக்குச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது. இங்கே ஒட்டுமூக்கில்லை, பொய்ப்பல்லில்லை. சிறைக்கூண்டினின்று வெளிவந்து, தளர்ந்த கால்களை நேர்வைத்து நடக்க முயலும் அந்நடையே அம்மனிதனின் வரலாறு முழுவதையும் கூறிவிடுகின்றது. பெருமிதம் தோன்றும் நிலைக்களன்களுள் ஒன்றாகப் புகழைத் தொல்காப்பியர் கூறுவர். நிக்கல்சனின் பெருமிதம் முதலில் நெறியைப் பற்றி நிற்கின்றது. பின்னர்ப் பகைவனுக்காகத் தான் கட்டிய பாலத்தில் பெயர்ப்பலகை பொறிக்கும் புகழ்வேட்கையாகத் திரிகின்றது. இத்திரிபு எக்கணத்தில் நிகழ்ந்ததென்று காண்போர் சுட்டிக்காட்ட முடியாதவாறு அவர் நடித்தமையே அப்பாத்திரத்தின் உயர்வு. இப்பாத்திரத்தின் இயல்பு பற்றி அவருக்கும் லீனுக்கும் கருத்து வேற்றுமை இருந்தது என்பர். அதனாற் பாத்திரம் கெடவில்லை. படத்தின் மீது சொல்லத்தக்க குறை வேறொன்றுண்டு. சயாம் - பர்மாப் புகையிரதப் பாதையில் மாண்ட பல்லாயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். அப்படத்தின் துயரக் கதையில் அவர்களுக்கு இடமில்லை.

1959இற் சேர் பட்டம் பெற்றபின் அவர் மேற்கொண்ட பாத்திரங்கள் பலதிறப்பட்டன. 'ரியூன்ஸ் ஒவ் குளோறி' (1960) படத்திற் குடியும் முரட்டுத்தனமும் மிக்க ஸ்கொத்லாந்துப் படையதிகாரியாகி, அடங்கிய நடிப்பே தமக்கு வருமென்று எண்ணியோரைத் திகைக்கச் செய்தார். அவ்வாண்டிலே 'றொஸ்' என்னும் மேடை நாடகத்தில் ரி. ஈ. லோறன்ஸாக நடித்தவர், இரண்டாண்டின்பின் 'லோறன்ஸ் ஒவ் அரேபியா' (1962) படத்தில் அராபிய இளவரசர் பைசலாகத் தோன்றினார். 1964இல் நியூயோர்க்கில் 'டிலன்' என்னும் நாடகத்துக்காக ரோனி விருது பெற்றார். 1951இல் தாமே தயாரித்து நடித்த 'ஹம்லெற்' தோல்வியுற்றபோதும் மேடையை அவர் கைவிட்டாரல்லர். 1977இல் வந்த 'ஸ்ரார் வோர்ஸ்' படம் அவருக்குப் பெருஞ்செல்வத்தையும், அவர் விரும்பாத வகைப் புகழையும் ஒருங்கே அளித்தது.

இனி, 'எ பசேஜ் ரு இந்தியா' (1984). இ. எம். போஸ்ரரின் நாவலைத் தழுவிய இப்படத்தில் லீன் கின்னஸைப் பேராசிரியர் கொட்போலே என்னும் பிராமணராக்கினார். கண்ணன்பால் ஈடுபாடுடைய அப்பாத்திரம் நாவலின் சமயப் பொருளைத் தாங்கி நிற்பது. திரையிலோ, முகத்திற் பூசிய கருமையும், தலைப்பாகையும், விளங்காத புன்முறுவலுமே எஞ்சுகின்றன. அவர் பயின்று ஆடிய நடனமும் இறுதிப் படத்தில் இடம்பெறவில்லை. விக்ரர் பானர்ஜியும் ரோஷன் சேத்தும் சயீத் ஜஃப்ரியும் அதே படத்தில் நடிக்கின்றமையால் குறை மேலும் வெளிப்படையாகின்றது. அவர்கள் மனிதராக உலவ, கொட்போலே மட்டும் மேலைநாட்டார் மனத்திலுள்ள கீழைநாட்டின் சின்னமாக அமர்ந்திருக்கிறார். பக்தி என்பது உள்ளத்து நிகழ்ச்சி. அதன் மெய்ப்பாட்டைக் காட்டவேண்டிய இடத்தில் விநோதப் பழக்கமொன்று காட்டப்படுகின்றது. இந்து சமயத்தவர்க்கு இது வெறும் ஒப்பனைக் குறையன்று; தம் வழிபாட்டின் உட்பொருள் காணப்படாமற் போன குறையாகும்.

'நடிகன் தன் இனத்தானையே நடிக்கவேண்டுமெனின் கலை குறுகிவிடாதா?' என வினவுவர் சிலர். வினா நியாயமானதே. டென்மார்க்கு இளவரசனை எந்நாட்டினரும் நடிக்கலாம். பைசலாக நடித்தபோது கின்னஸ் அரசியல் நுண்ணறிவு படைத்த ஒருவரின் சிந்தனையோட்டத்தைக் காட்டியமையால், அவ்வேடம் கொட்போலேயினும் மேம்பட்டு நிற்கின்றது. ஆகவே பிறப்பொன்றே அளவுகோலன்று. பாத்திரத்தின் உள்ளத்துள் நடிகன் புக முடிந்ததா என்பதே முதல் அளவுகோல். எனினும் அதனோடு இன்னொன்றும் எண்ணப்படல் வேண்டும். தம் முகத்தைத் தாமே திரையிற் காட்டும் வாய்ப்பை ஆங்கிலப் படவுலகில் அரிதாகவே பெற்ற மக்களின் வேடத்தை, அவ்வாய்ப்பு நிரம்பப் பெற்றவர் புனையும்போது பொறுப்பு மிகுகின்றது. பேகினிலும் கொட்போலேயிலும் அப்பொறுப்பு நிறைவேறவில்லை.

கின்னஸின் கலை தன் முழுமையை எய்தியது பீ. பீ. சி. தொலைக்காட்சியின் 'ரிங்கர் ரெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1979), 'ஸ்மைலீஸ் பீப்பிள்' (1982) ஆகிய தொடர்களிலேயாம். ஜோன் லெ காரேயின் ஒற்றர் தலைவன் ஜோர்ஜ் ஸ்மைலி முதியவன், மனைவியால் வஞ்சிக்கப்பட்டவன், பேச்சுக் குறைந்தவன். இங்கே நடிகரிடமுள்ள கருவிகள் ஒரு மூக்குக்கண்ணாடியும் மௌனமுமே. பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தில், கேட்பவன் எதனை நம்புகிறான், எதனை ஐயுறுகிறான் என்பது சொல்லின்றியே தெரிகின்றது. நெடுநாட் பகைவன் பேர்லின் எல்லையைக் கடந்து வந்து சரணடையும் இறுதிக் காட்சியில் வென்றவனின் முகத்தில் வெற்றிக்களிப்பு இல்லை. தன் பகைவனின் அன்பையே கருவியாக்கி வென்றமையால் விளைந்த இளிவரலே அங்கே தோன்றுகின்றது.

இளமையில் ஒட்டுமூக்குகளாலும் பொய்ப்பற்களாலும் தம்மை மறைத்த நடிகர், முதுமையில் ஒன்றையும் அணியாது நின்றபோதே முற்றாக மறைந்து பாத்திரமானார். கல்லூரி நாடகங்களில் தாடியும் பூச்சும் அணிந்து மேடையேறும் மாணவர் அவருடைய வெற்றிகளை மட்டுமன்றித் தவறுகளையும் கற்றல் வேண்டும். பிறன் ஒருவனின் முகத்தைப் புனைதல் எளிது. அவன் எதனை அஞ்சுகிறான், எதனை வழிபடுகிறான் என்பதை அறிந்தன்றி அம்முகத்தைப் புனையாதிருத்தலே அரிது. கின்னஸ் நிக்கல்சனையும் ஸ்மைலியையும் அவ்வாறு அறிந்திருந்தார், கொட்போலேயை அறிந்தாரிலர்.