‘தீபன்’ படத்தில் இளையாள் எங்கே போனாள்?

இந்த முறை புத்தகம் இல்லை, ஒரு படம். 2015-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’. இயக்கியவர் ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சுக்காரர். ஆனால் படத்தில் பேசுவது பெரும்பாலும் தமிழ். நாயகனாக நடித்தவர் ‘கொரில்லா’ நாவலை எழுதிய ஷோபாசக்தி. இளம் வயதில் இயக்கத்தில் இருந்து, பிறகு பிரான்சுக்கு அகதியாகப் போனவர்.

கதை இதுதான். இலங்கைப் போர் முடியும் நேரம். தோற்றுப்போன போராளி ஒருவன், முன்பின் தெரியாத ஒரு பெண், ஒன்பது வயது அனாதைச் சிறுமி. இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் இவர்கள் தீபன், யாழினி, இளையாள் ஆகிறார்கள். முகாமில் யாழினி பெற்றோர் இல்லாத பிள்ளையைத் தேடி அலையும் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. தேடுவது பாசத்தால் இல்லை. குடும்பமாகப் போனால்தான் தப்பிக்க முடியும், அதனால்.

முதன்மைப் பாத்திரம் யார் என்று கேட்டால் மாணவர்கள் ‘தீபன்’ என்றுதான் எழுதுவார்கள். தலைப்பே அதுதானே! நானும் மதிப்பெண் போடுவேன். ஆனால் மனசு ஒப்பாது. பாரிசுக்கு வெளியே அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மூவரும் பிழைப்பதே இளையாளின் வாயால்தான். பள்ளியில் அவள் பிரெஞ்சு கற்றுக்கொள்கிறாள், பெரியவர்களுக்கு மொழிபெயர்க்கிறாள். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளையை அடித்தும் விடுகிறாள். பிறகு யாழினியிடம் அவள் பேசுவதுதான் எனக்குப் படத்தின் உச்சம். உனக்குத் தம்பி தங்கைகள் இருந்தார்களா, அவர்களிடம் எப்படி இருந்தாயோ அப்படி என்னிடமும் இரு என்ற பொருளில் கேட்கிறாள். அம்மாவாக இரு என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா? அது நடக்காது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும்.

எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. தமிழ்ப்பள்ளி முடித்து ஜொகூரில் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தவள் நான். கிளினிக்கில் பாட்டியின் வயிற்றுவலியை மலாயில் சொல்லத் திணறிய பேத்தியும் நான்தான். பெரியவர்களின் ரகசியமெல்லாம் நம் வாய் வழியாகப் போகும். நம்மிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

இங்கேதான் படத்தின் மேல் எனக்குக் கோபம். குடியிருப்பில் போதைப்பொருள் கும்பல்கள் சுட்டுக்கொள்கின்றன. தீபன் தரையில் வெள்ளைக்கோடு போட்டு, இதைத் தாண்டிச் சுடக்கூடாது என்கிறான். அருமையான இடம்! 2009-இல் வன்னியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயங்களும், அவற்றுக்குள்ளேயே விழுந்த குண்டுகளும் நினைவுக்கு வரும். போர் ஒருவனை விட்டுப் போகாது என்பதற்கு அந்தக் கோடே போதும். இயக்குநருக்குப் போதவில்லை. தீபன் மறுபடி ஆயுதம் எடுக்கிறான், புகை, ரத்தம். அந்த ஆர்ப்பாட்டத்தில் இளையாள் ஏறக்குறைய காணாமல் போகிறாள். பிறகு திடீரென்று இங்கிலாந்து, வெயில், கைக்குழந்தை. கதைப்பின்னலில் இது தாவல்தான். சிலர் அதைக் கனவு என்று வாசிக்கிறார்கள். கனவு என்றால் அது தீபனின் கனவு. இளையாளின் கனவு என்னவென்று படம் கேட்கவே இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இளையாள் மலேசியாவுக்கு வந்திருந்தால்? நம் நாடு 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிப் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் சேர முடியாது. தொண்டு அமைப்புகளும் அகதிச் சமூகங்களும் நடத்தும் கற்றல் மையங்கள்தான் கதி. பிரான்ஸ் அவளுக்குக் கொடுத்த அந்த வகுப்பறை நாற்காலி இங்கே கிடைத்திருக்காது. பிரெஞ்சுக்காரர்களைக் குறை சொல்லும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்கு: படத்தை முழுசாக வகுப்பில் போடாதீங்க, வன்முறையும் படுக்கையறைக் காட்சிகளும் உண்டு. பள்ளிக் காட்சிகள் போதும். மிச்சத்தை வாயால் சொல்லிடலாம். நான் அப்படித்தான் படிவம் ஐந்தில் சொன்னேன். இங்கிலாந்து முடிவைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், அப்படின்னா அவ மறுபடியும் முதல்ல இருந்து இங்கிலீஷ் படிக்கணுமா?”