ஆயிரம் ‘லா’க்கள்: பேழையிலும் வீதியிலும்

விடுமுறையில் கெய்ரோ செல்வோர் பாபுல் கல்க் பகுதியிலுள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தைக் காணத் தவறுவதில்லை. 1903இல் இன்றைய கட்டடத்தில் திறக்கப்பட்ட அந்நிலையம், 2014 ஜனவரியில் எதிரிலிருந்த காவல்துறைத் தலைமையகத்தைக் குறிவைத்த குண்டுவெடிப்பில் சிதைந்து, 2017 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. சுல்தான் ஹஸனின் பள்ளிவாசலுக்கென 14ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட கண்ணாடி விளக்குகள் அங்கே உள்ளன. இவ்வகை மம்லூக் விளக்குகள் பலவற்றில் நூர் அத்தியாயத்தின் ஒளி வசனம் தீட்டப்பட்டிருக்கும். திரி எரிகையில் வசனமே ஒளிர்ந்து தொழுவோருக்குத் தெரியும். பேழைக்குள் விளக்கு பத்திரமாக இருக்கிறது. அந்த எழுத்து யாரை நோக்கிப் பேசியதோ அவர்கள் அங்கில்லை.

தஹ்ரீர் சதுக்கத்தையொட்டிய முஹம்மது மஹ்மூது வீதியின் கதை இதற்கு நேர்மாறானது. 2011 எழுச்சிக்குப்பின் அதன் சுவர்கள் ஓவியங்களாலும் எழுத்துக்களாலும் நிறைந்தன. 2012 செப்டம்பரில் அவை இரவோடிரவாகச் சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டன. ஓவியர்கள் மீண்டும் வரைந்தனர். இன்று அவற்றுட் பெரும்பாலானவை இல்லை. அங்கே கேட்போர் இருந்தனர், பாதுகாப்பு இல்லை.

இவ்விரு உலகங்களையும் இணைத்தவர் எகிப்தியக் கலை வரலாற்றாய்வாளர் பஹியா ஷிஹாப். 1910இல் மியூனிக்கில் நடந்த இஸ்லாமியக் கலைப் பெருங்காட்சியின் நூற்றாண்டையொட்டி 2010இல் அந்நகரில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. ‘இல்லை, ஆயிரம் முறை இல்லை’ என்னும் அரபு வழக்கைப் பற்றிக்கொண்ட அவர், கட்டடங்கள், பாத்திரங்கள், துணிகள் முதலியவற்றிலிருந்து லாம்-அலிஃப் எழுத்திணைப்பின் ஆயிரம் வடிவங்களைத் திரட்டி, ஒளி ஊடுருவும் திரையாக அங்கே தொங்கவிட்டார்.

உழைப்பிலும் அழகிலும் குறைகாண இயலாத படைப்பு அது. எனினும் ஒரு கேள்வி எழுகிறது. ஒவ்வொரு ‘லா’வும் தன் வாக்கியத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. எதனை மறுத்தது என்னும் செய்தி நீங்கியபின் மறுப்பு வெறும் அணியாகிறது. ஆயிரம் ‘இல்லை’கள் ஒருங்கே தொங்கியும் அம்மண்டபத்தில் எவரும் மறுக்கப்படவில்லை.

2011 நவம்பர் முதல் அதே வடிவங்களை அவர் கெய்ரோவின் சுவர்களில் அச்சுத்தகடு வைத்து வண்ணம் தெளித்துப் பதிக்கத் தொடங்கினார். இராணுவ ஆட்சிக்கு இல்லை. போராடுவோரின் கண்களைப் பறிப்பதற்கு இல்லை. புதிய ஃபிர்அவ்னுக்கு இல்லை. பழைய எழுத்துக்குப் புதிய வாக்கியம் கிடைத்தது. முன்னோரின் எழுத்தணியைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டுவதோடு நம் கடமை முடிந்ததெனக் கருதும் நமக்கு இதில் பாடமுண்டு.

ஆயினும் வீதிப் படைப்பும் விமரிசனத்திற்கு அப்பாற்பட்டதன்று. கலிமாவின் முதற்சொல்லும் ‘லா’ தான். ஆனால் அது ‘இல்லா’ என்னும் சொல்லால் நிறைவு பெறுகிறது. பொய்த் தெய்வங்களை மறுத்தபின் வணக்கத்திற்குரியோன் யாரென அது சொல்லிவிடுகிறது. கெய்ரோச் சுவர்களின் ‘லா’ எதனை வேண்டாமெனச் சொன்னது என்பது தெளிவு. அதனிடத்தில் எதனை நிறுவுவது என்பதை அச்சுவர்கள் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அப்பணி ஓவியரொருவருடையது மட்டுமன்று. அவ்வெழுத்தைத் தம் மரபெனக் கொண்டாடும் அனைவருடையதும் ஆகும்.