நீதிமன்றமும் தேர்தல் மேடையும்: 'த குட் வைஃப்' தொடரில் அதிகார வேட்கை

தொலைக்காட்சித் தொடர்களை விமர்சனத்தின் எல்லைக்குட் கொண்டுவருவதற்கு எம்மிடையே இன்னும் தயக்கம் உண்டு. அவை பொழுதுபோக்குச் சாதனங்கள், வர்த்தக நிறுவனங்களின் உற்பத்திப் பொருட்கள் என்பதே இத்தயக்கத்துக்குக் கூறப்படும் காரணமாகும். இது ஓரளவு உண்மையே. ஆயினும் வர்த்தக நோக்குடன் உருவான ஆக்கமொன்று தான் தோன்றிய சமூகத்தின் அதிகார அமைப்பை வெளிப்படுத்தலாம். வெளிப்படுத்தத் தவறும் இடங்களாலும் அதனைக் காட்டிக்கொடுக்கலாம். அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 2009 செப்ரெம்பர் முதல் 2016 மே வரை ஏழு பருவங்களாக, 156 அங்கங்களில் ஒளிபரப்பிய 'த குட் வைஃப்' என்னும் நீதிமன்றத் தொடர் இவ்விரு வகையிலும் நோக்கத்தக்கது. றொபேட் கிங், மிஷெல் கிங் தம்பதியர் இதனை உருவாக்கினர்.

கதையின் கரு எளிமையானது. சிக்காகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டியின் அரச வழக்குத்தொடுநர் பீற்றர் புளோரிக், பாலியல் ஒழுக்கக்கேடும் ஊழலும் தொடர்பான அவதூற்றில் சிக்கிச் சிறை செல்கிறான். பதின்மூன்று ஆண்டுகள் இல்லத்தரசியாக இருந்த அவனது மனைவி அலிஷியா, பிள்ளைகளைக் காப்பாற்றும் பொருட்டு மீண்டும் சட்டத்தரணியாகத் தொழில் தொடங்குகிறாள். இக்கருவுக்கு உண்மைச் சம்பவங்களே தூண்டுகோலாயின. நியூயோர்க் ஆளுநர் எலியட் ஸ்பிற்சர் 2008 மார்ச்சில் பதவி துறந்தபோது அவரருகே மனைவி மௌனமாக நின்ற காட்சி அவற்றுள் முக்கியமானது.

தொடரின் அரசியலை விளங்கிக்கொள்ள ஓர் அமைப்பியல் உண்மையை மனங்கொள்ளுதல் அவசியம். எமது நாட்டில் சட்டமா அதிபர் நியமிக்கப்படுபவர். குக் கவுண்டியிலோ அரச வழக்குத்தொடுநர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்கினால் தெரிவாகின்றார். எவர்மீது வழக்குத் தொடுப்பது, எவரை விடுவிப்பது என்ற தீர்மானங்கள் யாவும் அடுத்த தேர்தலின் நிழலிலேயே எடுக்கப்படுகின்றன. மேலும், அப்பதவி மேற்பதவிகளுக்கான படிக்கட்டாகவும் அமைகின்றது. 1981 முதல் 1989 வரை அப்பதவியை வகித்த றிச்சட் எம். டேலி பின்னர் 2011 வரை சிக்காகோவின் நகரபிதாவாக இருந்தார். ஸ்பிற்சரும் நியூயோர்க் மாநிலத்தின் தெரிவுசெய்யப்பட்ட சட்டமா அதிபராக இருந்தே ஆளுநரானவர். எனவே அரசியல் வெளியிலிருந்து வந்து சட்டத்தைக் கெடுக்கிறது என்ற வழமையான கருத்து இங்கு பொருந்தாது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பதவிக்குள்ளேயே அரசியல் வேட்கை குடியமர்த்தப்பட்டுள்ளது. இதனை வசனங்களால் விளக்காது சம்பவங்களால் உணர்த்துவதே இத்தொடரின் முதற் சிறப்பு எனலாம். பீற்றர் சிறையிலிருந்து மீண்டு அதே பதவியைக் கைப்பற்றுகிறான். பின்னர் இல்லினோய் ஆளுநராகிறான். இறுதியில் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியிலும் இறங்குகிறான். இது மிகைக் கற்பனை எனக் கருதுவோர், ஒட்டோ கேர்னர், டான் வோக்கர், ஜோர்ஜ் றையன், றொட் பிளகோஜெவிச் என அம்மாநிலத்தின் ஆளுநர் பதவி வகித்த நால்வர் சிறை சென்றுள்ளமையை நினைவுகூர்தல் தகும்.

தொடரின் முதற் காட்சியில் பத்திரிகையாளர் முன் கணவனின் கைபற்றி நிற்கும் அலிஷியா, மண்டபத்தைவிட்டு நடைகூடத்துக்கு வந்ததும் அவன் கன்னத்தில் அறைகிறாள். மேடையில் மௌனம், மறைவில் அறை என்னும் இம்முரணே தொடர் முழுவதற்கும் திறவுகோலாகும். தமிழ் வாசகருக்கு இவ்விடத்திற் கண்ணகி நினைவுக்கு வருதல் இயல்பு. கண்ணகியும் பிறள்பாற் சென்ற கணவனின் மனைவியே. ஆனால் அவள் வழக்குரைத்தது குற்றமற்றுக் கொலையுண்டவனுக்காக. அவளது கற்பு அரசனின் அதிகாரத்தை எரித்தது. அலிஷியாவின் 'நற்பண்பு' குற்றமுடைய கணவனின் அதிகாரத்தை மீளக் கட்டியெழுப்புகிறது. தேர்தல் பிரசார முகாமையாளன் ஈலை கோல்ட் இதனை நன்கு அறிந்தவன். மனைவி மன்னித்துவிட்டாள் என்று வாக்காளர் நம்பினால் அவர்களும் மன்னிப்பர் என்பதே அவன் கணக்கு. இரண்டாம் பருவத்தில் அவள் அளிக்கும் நேர்காணல் பீற்றரின் வெற்றிக்குத் துணையாகிறது. ஒரு பெண்ணின் பொறுமை அரசியல் முதலீடாக மாற்றப்படும் விதத்தை இத்தொடர் துல்லியமாகக் காட்டுகிறது.

முதலீட்டுப் பொருளாக இருந்தவள் தானே முதலிடத் தொடங்குவதுதான் கதையின் வளர்ச்சி. அலிஷியா தீயவளாக மாறும் தருணம் என்று எதனையும் சுட்டிக்காட்ட முடியாது. ஒவ்வொரு படியும் நியாயமானதாகவே தோன்றுகிறது. ஐந்தாம் பருவத்தில் அவளும் கரி ஏகோஸ் என்ற இளம் சட்டத்தரணியும் தாம் பணியாற்றிய நிறுவனத்தின் கட்சிக்காரரை இரகசியமாகத் தம்பக்கம் இழுத்துக்கொண்டு புதிய நிறுவனம் தொடங்குகின்றனர். அவளுக்குத் தொழில் தந்து ஆதரித்த வில் காட்னரையும் டயான் லொக்காட்டையும் வஞ்சித்தே அது நிகழ்கிறது. எனினும் பார்வையாளராகிய நாம் அவள் பக்கமே நிற்கிறோம். ஆறாம் பருவத்தில் அவள் அரச வழக்குத்தொடுநர் தேர்தலிற் போட்டியிடுகிறாள். கரிமீது அநீதியாக வழக்குத் தொடுக்கப்பட்டமையே அவளைத் தூண்டுகிறது. ஆகவே காரணம் நல்லது. ஆயினும் அவளது பிரசாரத்துக்கு ஆதரவான நிதி, போதைப்பொருள் வியாபாரியான லெமண்ட் பிஷப்பிடமிருந்து வருகிறது. அறியாதிருப்பதே வசதி என்ற நிலைக்கு அவள் வந்துசேர்கிறாள். அதிகார வேட்கை என்பது வில்லனின் குணமன்று, நல்லோர் தமது நற்காரணங்களுடன் ஏறும் படிக்கட்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன தொலைக்காட்சி ஆக்கங்கள் சிலவே.

அத்தேர்தலில் அவள் வெல்கிறாள். ஆனால் பதவியிற் காலூன்றுமுன்னரே விலகும்படி நிர்ப்பந்திக்கப்படுகிறாள். வாக்குப்பதிவு இயந்திரங்களில் மோசடி நடந்துள்ளது. ஆனால் அது அவளது வெற்றிக்காக நிகழ்த்தப்பட்டதன்று. மாநில செனற் சபையில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையை உறுதிசெய்யக் கட்சி செய்த சூழ்ச்சியின் பக்கவிளைவு. விசாரணை தொடர்ந்தால் அப்பெரும்பான்மை போய்விடும். ஆகவே குற்றமற்றவளைப் பலியிட்டுக் குற்றம் காப்பாற்றப்படுகிறது. தனிமனித வேட்கையைவிடப் பெரியது அமைப்பின் வேட்கை என்பதை இப்பகுதி உணர்த்துகிறது. தன்னை ஆட்டக்காரி என எண்ணியிருந்தவள் காய் மட்டுமே என அறிகிறாள். தொடரின் அரசியற் பார்வை உச்சம் பெறும் இடம் இதுவே.

இவ்விடத்தில் உண்மைத்தன்மை பற்றிய ஒரு கேள்வியையும் எழுப்புதல் வேண்டும். ஆளுநரான பீற்றர், டயானை இல்லினோய் உயர் நீதிமன்றுக்கு முன்மொழிவதும், அலிஷியா வெளியேறிய பூசலிற் பின்வாங்குவதும் ஐந்தாம் பருவத்தின் முக்கிய சூழ்ச்சியாகும். உண்மையில் அம்மாநிலத்தின் 1970ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அந்நீதிமன்றின் நீதிபதிகள் பத்தாண்டுக் காலத்துக்கு வாக்கெடுப்பின் மூலம் தெரிவாகின்றனர். இடையில் ஏற்படும் வெற்றிடங்களையும் அந்நீதிமன்றே நிரப்பி வருகின்றது. ஆளுநருக்கு அங்கு வேலையில்லை. இது வெறும் தகவற் பிழையன்று. நீதிபதிப் பதவி ஒரு மனிதனின் கோபத்திற் கரைந்துபோவதாகக் காட்டினால் நாடகம் சூடுபிடிக்கும். நீதிபதி வேட்பாளர்களும் கட்சிகளை நாடி நிதி திரட்டி வாக்குக் கேட்கவேண்டியுள்ள உண்மை அத்தகைய சுவையுடையதன்று. ஆனால் அதுவே ஆழமான பிரச்சினை. தனது அடிப்படைத் தரிசனத்துக்கு மிகப் பொருத்தமான செய்தியைத் தொடர் கைவிட்டு, சதிக்கதையின் கவர்ச்சியைத் தேர்ந்துகொண்டது.

இதனினும் பெரிய குறைபாடு கட்டமைப்பிலேயே உள்ளது. ஒவ்வொரு அங்கத்திலும் ஒரு வழக்கு வரும். பெரும்பாலும் அவ்வங்கத்திலேயே முடிந்துவிடும். குற்றஞ்சாட்டப்பட்டவரும் அவரது குடும்பமும் திரையைவிட்டு மறைவர். தொடர்ந்து நிலைப்பது சட்டத்தரணிகளின் ஏற்றமும் இறக்கமுமே. பாத்திரங்கள் தம் கட்சிக்காரரைப் படிகளாகப் பயன்படுத்துகின்றனர் என்று காட்டும் தொடர், தானும் அவர்களைப் படிகளாகவே பயன்படுத்துகிறது. ஏழாம் பருவத்தின் தொடக்கத்தில் இக்குறையைப் போக்க ஒரு வாய்ப்பு வந்தது. அனைத்தையும் இழந்த அலிஷியா பிணை நீதிமன்றிற் பணியாற்றுகிறாள். பெயரைக்கூடச் சரியாகக் கேட்டறிய நேரமின்றி, நிமிடக் கணக்கில் மனிதரின் சுதந்திரம் விலைபேசப்படுவதை நாம் காண்கிறோம். தொடரின் மிக உண்மையான காட்சிகள் இவை. ஆனால் விரைவிலேயே பீற்றரின் ஜனாதிபதிக் கனவு அவற்றைப் பின்தள்ளிவிடுகிறது. அக்காட்சிகள் தொட்ட பிரச்சினை எத்துணை மெய்யானது என்பதை வரலாறு பின்னர் உறுதிப்படுத்தியது. 2023 செப்ரெம்பரில் இல்லினோய், பணப் பிணையை முற்றாக ஒழித்த முதல் அமெரிக்க மாநிலமாயிற்று.

சிக்காகோவின் மெய்யான வரலாறு இதனினும் கடுமையானது. ஜோன் பேர்ஜ் என்ற பொலிஸ் அதிகாரியும் அவரது கீழுள்ளோரும் சந்தேகநபர்களை, பெரும்பாலும் கறுப்பினத்தவரை, சித்திரவதை செய்து வாக்குமூலம் பெற்றனர். 1982இல் ஒரு கைதியின் உடற்காயங்கள் பற்றி நகரப் பொலிஸ் தலைவரே, அப்போது அரச வழக்குத்தொடுநராயிருந்த டேலிக்குக் கடிதம் அனுப்பினார். பொலிஸார்மீது வழக்குத் தொடரப்படவில்லை. பேர்ஜ் 2010இல் பொய்ச்சாட்சியம், நீதிக்குத் தடையேற்படுத்தல் ஆகியவற்றுக்காகவே குற்றவாளியாகக் காணப்பட்டார். 2015இல் மாநகரசபை பாதிக்கப்பட்டோருக்கு 55 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்க இணங்கியது. வழக்குத்தொடுநர் பதவி ஒருவருக்குப் படிக்கட்டாகும்போது அதன் அடியில் நசிபவர் யார் என்ற வினாவுக்கு இதுவே விடை. தொடரின் நெடுங்கதைக்கு இத்தகைய மனிதர் ஒருபோதும் அச்சாக அமையவில்லை. மாளிகைகளிலும் கண்ணாடி அலுவலகங்களிலும் நிகழும் துரோகமே துரோகம் என்ற எல்லையை அது தாண்டவில்லை.

எனினும் இறுதி அங்கத்தின் நேர்மையைப் பாராட்டாதிருத்தல் இயலாது. நன்கொடையாளர் ஒருவரின் மகனைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து காத்ததாகப் பீற்றர் விசாரிக்கப்படுகிறான். அவனைக் காப்பாற்ற அலிஷியா, டயானின் கணவனைச் சாட்சிக்கூண்டில் அவமானப்படுத்த வழிசெய்கிறாள். பீற்றர் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்புடன் தப்பிப் பதவி விலகுகிறான். மீண்டும் ஒரு பத்திரிகையாளர் மாநாடு. மீண்டும் ஒரு நடைகூடம். இம்முறை அறைபவள் டயான், அறைபடுபவள் அலிஷியா. ஏழு ஆண்டுகளில் அவள் மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வந்துவிட்டாள். அவள் அழுவதில்லை; ஆடையைச் சரிசெய்துகொண்டு நடக்கிறாள். ஆறுதல் தரும் முடிவை எதிர்பார்த்த பலருக்கு இது கசந்தது. ஆனால் அவ்வறை அவளுக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு படியிலும் அவளது காரணங்களை ஏற்று, அவளோடு சேர்ந்து ஏறிவந்த பார்வையாளர் கன்னத்திலும் அது விழுகிறது.

அநீதியை வெறுப்பது எளிது. நாம் நேசிப்பவர் இழைக்கும் அநீதியை அநீதியெனக் காண்பதே கடினம். அக்கடினத்தை உணரச் செய்தமை 'த குட் வைஃப்' தொடரின் சாதனை. நேசிக்கத்தக்கவராக வசதியுள்ளோரை மட்டுமே தேர்ந்துகொண்டு, பிணை நீதிமன்றின் வரிசையில் நின்றவர்களைப் பெயரற்றோராக விட்டமை அதன் வரம்பு. நாளை அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் ஆசனம் பெறவிருக்கும் நாம் இவ்விரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டியவர்களாகின்றோம்.