அரசர் மறந்தனரோ?

திருநாவுக்கரசு சுவாமிகள் புறச்சமயம் நீங்கித் திருவதிகையில் அருளிய முதற்பதிகத்தில், சிவவழிபாட்டையும் இசைத்தமிழையும் தாம் என்றும் மறவாதிருந்தமை பேசுகின்றார். சமணப்பள்ளியில் நெடுங்காலம் தருமசேனராய்த் தலைமை பூண்டவர் இங்ஙனம் கூறுதல் பொருந்துமோ என்பது தடை.

முற்பிறவித் தவத்தைக் கருதிக் கூறினர் என்பர் ஒருசாரார். திலகவதியார் கனவில் இறைவன் அருளியதாகச் சேக்கிழார் கூறுவது அதற்குச் சான்றாம். எனினும், இடைக்கால மறதிக்கு அது விடையாகாது.

அவர் சென்றது பொருளாசையால் அன்று. நிலையாமை கண்டு அறநெறி தேடியே சென்றார். சமணம் கற்றோர் மதித்த சமயம். எம் தகடூராகிய தருமபுரியிலும் 9ஆம் நூற்றாண்டில் சமணப்பள்ளி இருந்தமை கல்வெட்டால் விளங்கும். அங்குக் கழிந்த நாளை எண்ணிப் பிற பதிகங்களில் சுவாமிகளே இரங்குகின்றார். தம் பிரிவை மறைக்காதவர் மறவாமையைப் பொய்யாகக் கூறார்.

ஆணவமலம் அறிவை மறைக்குமேயன்றி அழிக்காது என்பது சித்தாந்தம். கண்ணை இருள் மறைத்தாலும் காணும் ஆற்றல் கெடுவதில்லை. மறந்தது மனம், மறவாது உடனின்றது திருவருள். சூலை வருத்தியபோது அவருக்குத் தமக்கையார் நினைவு வந்தது அவ்வருளின் செயலே. ஆதலின் அச்சொல் தற்புகழ்ச்சி அன்று; தம்மை விடாதிருந்த அருளைக் கண்டு கூறியதாம்.

இரவில் வந்து வணங்கிய தம்பியைத் திலகவதியார் கடிந்திலர். ஐந்தெழுத்து ஓதித் திருநீறளித்தார். நெடுநாள் பிரிந்து மீள்வாரை நாம் ஏற்கும் முறையும் அதுவே.